நாலு வட்டத்தின் கதை: எம்.சி.க்யூ. யாருக்காகப் பிறந்தது?

1)
போன மாசம் ஒரு அம்மா தன் பொண்ணை கிளினிக்குக்குக் கூட்டிட்டு வந்தாங்க. ஒரு மாசமா தலைவலி. கண் டாக்டர்கிட்ட காட்டியாச்சு, பவர் ஒண்ணும் இல்லை. பி.பி. நார்மல். பேசிக்கிட்டே இருந்தப்பதான் விஷயம் வெளியே வந்தது. நீட்டுக்கு இரண்டாவது முறை தயாராகும் பிள்ளை. ராத்திரி ஒரு மணி வரைக்கும் பிசிக்ஸ் எம்.சி.க்யூ. காலையில் நாலரைக்கு எழுந்து மறுபடியும் அதே.

"ஒரு நாளைக்கு எத்தனை கேள்விம்மா போடுற?"

"இருநூறு சார்."

"எத்தனை சரியா வருது?"

தலையைக் குனிஞ்சுக்கிச்சு. "மாக் டெஸ்ட்ல 45க்கு 14 தாண்ட மாட்டேங்குது சார். பிசிக்ஸை விட்டுடு, பயாலஜில புடிச்சுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

கிளம்பும்போது வாசலில் நின்னு கேட்டுச்சு: "இந்த நாலு ஆப்ஷனை எவன் சார் கண்டுபிடிச்சான்?"

2)
அன்னைக்கு தூக்கத்தைப் பத்தி நாலு வார்த்தை சொல்லி, மூணு வாரம் கழிச்சு வரச் சொல்லி அனுப்பிட்டேன். ஆனா அந்தக் கேள்வி என்னை விடலை. நானும் இந்த வட்டங்களைக் கருப்பாக்கித்தான் டாக்டர் ஆனவன். எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சதே இல்லை.

தேடிப் படிச்சதை இங்கே எழுதுறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க. நீட் வேணுமா வேண்டாமா என்ற சண்டைக்கான இழை இல்லை இது. தினமும் ராத்திரி உட்கார்ந்து பிசிக்ஸ் கேள்வி போட்டுக்கிட்டிருக்கும் பிள்ளைகளுக்கும், பக்கத்தில் பால் டம்ளரோடு முழிச்சிருக்கும் அம்மா அப்பாவுக்கும்.

3)
கதை ஆரம்பிக்கிற இடம் அமெரிக்கா. 1912, 1913.

டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர். அவங்களுக்கு ஒரு சந்தேகம்: ஒரே விடைத்தாளை வேற வேற வாத்தியார்கள் திருத்தினா ஒரே மார்க் வருமா?

முதலில் ஆங்கில விடைத்தாளை வெச்சு சோதிச்சாங்க. மார்க் தாறுமாறா வந்தது. "மொழிப்பாடம், அப்படித்தான் இருக்கும். கணக்குல இப்படி நடக்காது" என்று சிலர் சொன்னாங்க. சரின்னு அடுத்த வருஷம் ஒரு ஜியோமெட்ரி விடைத்தாளை நூத்துக்கும் மேற்பட்ட கணக்கு வாத்தியார்களுக்கு அனுப்பினாங்க. அதே தாள். அதே விடைகள். ஒருத்தர் முப்பதுக்கும் கீழே போட்டார். இன்னொருத்தர் தொண்ணூறைத் தொட்டார்.

ஒரே பிள்ளை. ஒருத்தர் கையில் பெயில், இன்னொருத்தர் கையில் டிஸ்டிங்ஷன்.

4)
இந்தப் பிரச்சினையை கையில் எடுத்தவர் ஃப்ரெடரிக் கெல்லி. 1914இல் அவர் வாங்கிய டாக்டர் பட்டத்தின் ஆய்வுப் பொருளே ஆசிரியர்கள் போடும் மார்க் ஏன் இப்படி மாறுது என்பதுதான். கான்சாஸ் மாநிலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தபோது, 1915 வாக்கில், சின்னப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்க ஒரு தேர்வு தயாரிச்சார்.

அதில் ஒரு கேள்வி: நாலு மிருகங்களின் பெயர் இருக்கும். பசு, புலி, எலி, ஓநாய். இதில் பண்ணைக்குப் பயன்படுகிற மிருகத்தைச் சுற்றிக் கோடு போடு.

அவ்வளவுதான். பிள்ளை எழுத வேண்டியது ஒண்ணுமில்லை. வாத்தியார் யோசிக்க வேண்டியதும் ஒண்ணுமில்லை. பசுவைச் சுற்றி கோடு இருக்கா? சரி. இல்லையா? தப்பு. காலையில் வீட்டில் சண்டை போட்டுட்டு வந்த வாத்தியார் திருத்தினாலும் அதே மார்க்தான்.

இந்தக் கதையில் முதலில் மனசில் வெச்சுக்க வேண்டிய விஷயம் இதுதான் நண்பர்களே. நாலு ஆப்ஷன் பிறந்தது படிக்கிறவருக்காக இல்லை. திருத்துறவருக்காக.

5)
1917. அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்குது. லட்சக்கணக்கான இளைஞர்கள் ராணுவத்தில் சேர்றாங்க. யாரை அதிகாரியாக்குறது, யாரை எங்கே போடுறது? ராபர்ட் யெர்க்ஸ் என்ற உளவியல் பேராசிரியர் தலைமையில் ஒரு குழு தேர்வு தயார் பண்ணுது. ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஆர்தர் ஓட்டிஸ் என்ற மாணவர் உருவாக்கி வெச்சிருந்த, விடையைத் தேர்ந்தெடுக்கிற முறை அதுக்குக் கைகொடுத்தது. சுமார் 17 லட்சம் பேர் தேர்வு எழுதினாங்க.

வாசிப்பைச் சோதிக்க வந்த கருவி, மனுஷனை வடிகட்டுற கருவியா மாறின இடம் இது.

6)
அந்த ராணுவக் குழுவில் வேலை பார்த்தவர் கார்ல் பிரிகாம். போர் முடிஞ்சதும் அந்த மார்க்குகளை வெச்சு 1923இல் ஒரு புத்தகம் போட்டார். வட ஐரோப்பிய வம்சத்தாருக்குப் பிறவியிலேயே அறிவு அதிகம், மத்தவங்களுக்குக் கம்மி என்பது அதன் சாரம். அமெரிக்காவுக்கு வெளிநாட்டவர் வருவதைத் தடுக்கணும்னு வாதாடினவங்களுக்கு அது வசதியான ஆயுதமாச்சு.

1926 ஜூனில் கல்லூரிச் சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி. என்ற தேர்வு முதன்முதலா நடந்தது. எழுதினவங்க சுமார் 8,000 பேர். அதை உருவாக்கினவரும் இதே பிரிகாம்தான்.

ஆனா ஒண்ணு சொல்லணும். 1930இல் அவரே தன் முடிவுகள் தப்புன்னு எழுத்தில் ஒப்புக்கிட்டார். ஆங்கிலம் தெரியாத வீட்டில் வளர்ந்தவனை ஆங்கிலத்தில் சோதிச்சுட்டு, அந்த மார்க்கை வெச்சு அவன் வம்சத்தின் அறிவைச் சொல்ல முடியாதுன்னு புரிஞ்சுக்கிட்டார். தேர்வு உருவாக்கியவரே தேர்வு மார்க்கைப் பத்தி மனசு மாறினார். ஆனா தேர்வு நிக்கலை. அது ஓடிக்கிட்டே இருந்தது.

7)
இப்ப பிசிக்ஸ் பிள்ளைகளுக்குப் பிடிச்ச கட்டம்.

மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன்வுட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ரெனால்ட் ஜான்சன் என்று ஒரு ஸ்கூல் சயின்ஸ் வாத்தியார். சின்ன வயசில் படு சேட்டை. தன் அக்கா தங்கச்சிகளைப் பார்க்க ஃபோர்டு காரில் வரும் பசங்களின் வண்டியில், ஸ்பார்க் பிளக் மேலே பென்சிலால் கிறுக்கிட்டு ஓடிடுவார். வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஏன்?

பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட். அது மின்சாரத்தைக் கடத்தும். எஞ்சினுக்குள் பொறியா பாய வேண்டிய மின்சாரம், வெளியே இருக்கும் பென்சில் கோடு வழியா நழுவிப் போயிடும்.

வாத்தியார் ஆனப்புறம் கட்டுக்கட்டா பேப்பர் திருத்தும் கொடுமையில் அந்தச் சேட்டை ஞாபகத்துக்கு வந்தது. பிள்ளைங்க பென்சிலால் போட்ட குறி மின்சாரத்தைக் கடத்தும்னா, சரியான இடத்தில் குறி இருக்கான்னு ஒரு மெஷினே கண்டுபிடிக்கலாமே!

8)
ஐடியா சுலபம். சிக்கல் வேற. ஒரு பிள்ளை அழுத்தி தீட்டும். இன்னொண்ணு லேசா தீட்டும். அழுத்தமான குறிக்கு மின்தடை கம்மி, லேசான குறிக்கு அதிகம். மெஷின் என்ன செய்யுதுன்னா, சரியான விடைகள் வழியா வரும் மின்னோட்டத்தை எல்லாம் கூட்டி ஒரு மீட்டரில் காட்டுது. முள் எங்கே நிக்குதோ அதுதான் மார்க். அப்படின்னா லேசா தீட்டின பிள்ளைக்கு அரை மார்க், அழுத்தித் தீட்டினவனுக்கு ஒன்றரை மார்க்னு ஆயிடுமே?

ஜான்சன் கண்ட தீர்வு: ஒவ்வொரு குறியோட தொடரிலும் ஒரு பெரிய மின்தடையைச் சேர்த்துடு.

கணக்குப் போட்டுப் பாருங்க. எண்கள் நான் எளிமைக்காக எடுத்தவை. அழுத்தமான குறி 1 கிலோ ஓம், லேசான குறி 10 கிலோ ஓம்னு வெச்சுப்போம். அப்படியே விட்டா மின்னோட்டத்தில் பத்து மடங்கு வித்தியாசம். ரெண்டுக்கும் தொடரில் 1 மெகா ஓம், அதாவது 1,000 கிலோ ஓம் சேர்த்தா? ஒண்ணு 1,001, இன்னொண்ணு 1,010. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. முள் ஒரே இடத்தில் நிக்கும்.

பத்தாம் வகுப்புப் பாடம்தான். தொடர் இணைப்பில் மின்தடைகளைக் கூட்டு. அந்த ஒரு வரிதான் உலகத்தின் தேர்வு முறையையே மாத்துச்சு.

9)
1934இல் ஐ.பி.எம். அவரை வேலைக்கு எடுத்தது. 1938இல் ஐ.பி.எம். 805 என்ற திருத்தும் மெஷின் விற்பனைக்கு வந்தது. (பின்னாளில் இதே ஜான்சன் தலைமையிலான குழுதான் 1956இல் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை உருவாக்கியது. பேப்பர் திருத்த சோம்பல்பட்ட வாத்தியாருக்கு நாம ரொம்பவே கடன்பட்டிருக்கோம்.)

1950களில் அயோவா பல்கலைக்கழகத்தில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் வேற வழியில் போனார். மின்சாரத்துக்குப் பதிலா ஒளி. கருப்பான இடத்தில் ஒளி திரும்பி வராது. இன்னைக்கு நம்ம ஓ.எம்.ஆர். ஷீட் வேலை செய்வதும் அந்தத் தத்துவத்தில்தான். கிராஃபைட் தேவையில்லை, கருப்பா இருந்தா போதும். அதனாலதான் நீட்டில் பென்சிலுக்குப் பதிலா கருப்பு பால்பாயிண்ட் பேனா.

இப்ப ஆயிரக்கணக்கில் இல்லை, லட்சக்கணக்கில் திருத்தலாம். கருவி தயார். நம்ம ஊருக்கு வருவோம்.

10)
நம்ம மாநிலத்தில் ஒரு காலத்தில் மருத்துவக் கல்லூரிக்கு நேர்காணல் இருந்தது. பாடத்தில் 200 மார்க், நேர்காணலுக்கு 75 மார்க். எதிரே உட்கார்ந்திருக்கும் குழுவுக்கு உங்களைப் பிடிச்சிருந்தா ஒரு மார்க், பிடிக்கலைன்னா ஒரு மார்க். 1970இல் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. நேர்காணலில் மார்க் போட்ட விதம் விதிப்படி இல்லைன்னு கோர்ட் சொன்னது.

ஸ்டார்ச்சும் எலியட்டும் பார்த்த அதே நோய்தான். மனுஷன் மனுஷனுக்கு மார்க் போட்டா இப்படித்தான்.

1984இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது. பிளஸ் டூ மார்க்குக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300. சிபாரிசுக்கு வேலை இல்லை. அமைச்சர் பையனா இருந்தாலும் அதே வட்டம்தான்.

11)
நான் எழுதியது 90களின் நடுவில். எங்க ஊரில் கோச்சிங் கிடையாது. பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிஞ்ச மறுநாளே பெட்டியைக் கட்டிக்கிட்டு பெரிய ஊருக்குப் போய், ஒரு ரூமில் ஆறு பேரா தங்கி, ஒரு மாசம் கிராஷ் கோர்ஸ். காலையில் பாடம், மதியம் டெஸ்ட், ராத்திரி கொசு.

என்கூட பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு நண்பன். பிசிக்ஸில் என்னைவிட கெட்டிக்காரன். எனக்கு லென்ஸ் ஃபார்முலாவைப் புரிய வெச்சதே அவன்தான். அவங்க அப்பாவால் அந்த ஒரு மாசச் செலவைச் சமாளிக்க முடியலை. ஊரிலேயே இருந்து, பழைய கைடு ஒண்ணை வெச்சுப் படிச்சான். அதில் விடைகள் இருந்த கடைசிப் பக்கங்கள் கிழிஞ்சு போயிருந்தன.

எனக்கு சீட் கிடைச்சது. அவனுக்கு ஒரு மார்க்குக்கும் கீழே, தசமத்தில் போச்சு.

திருத்தியது மெஷின்தான். எங்க ரெண்டு பேருக்கும் நியாயமா, ஒரே மாதிரிதான் திருத்தியது. அநியாயம் அந்த மெஷினுக்குள் போறதுக்கு முந்தின ஒரு மாசத்தில் நடந்து முடிஞ்சிருந்தது.

12)
அவனை மாதிரி கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது பாதகம் என்ற வாதம்தான் பிறகு வலுத்தது. 2005இல் ஜெயலலிதா அரசு நுழைவுத்தேர்வை எடுத்தது. ஐகோர்ட்டில் நிக்கலை. 2006இல் கருணாநிதி அரசு மறுபடி சட்டம் போட்டு, 2007இலிருந்து பிளஸ் டூ மார்க் மட்டும் போதும்னு ஆச்சு.

2013இல் நீட் முதல் முறையா நடந்தது. அதே வருஷம் ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. 2017இலிருந்து தமிழ்நாட்டிலும் நீட்தான். 180 கேள்வி, 720 மார்க். அதில் பிசிக்ஸ் 45 கேள்வி, 180 மார்க்.

13)
சரி, மெஷின் வந்ததால் மனுஷத் தப்பு ஒழிஞ்சதா? இல்லை. திருத்துறவர்தான் போனார். கேள்வி எழுதுறவர் அங்கேயே இருக்கார்.

2018 நீட்டில் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தது. கேள்விக்கு 4 வீதம் 196 மார்க் தரச் சொல்லி மதுரைக் கிளை உத்தரவிட்டது. சுப்ரீம் கோர்ட்டில் அது நிக்கலை.

2024இல் நடந்தது அதைவிட விசேஷம். பிசிக்ஸில் ஒரு கேள்வி. ரெண்டு வாக்கியம் கொடுத்து எது சரின்னு கேட்டிருந்தாங்க. முதல் வாக்கியம், அணு மின்சுமை அற்றது. சரி. இரண்டாவது, எல்லாத் தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையைத் தரும்.

யோசிச்சா இரண்டாவது தப்பு. யுரேனியம், ரேடியம் எல்லாம் என்ன நிலையாவா இருக்கு? கதிரியக்கம்னாலே நிலையில்லாமைதானே? ஆனா பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் அந்த வாக்கியம் அப்படித்தான் இருந்தது. புதுப் பதிப்பில் திருத்திட்டாங்க. அண்ணன் அக்கா வெச்சிருந்த பழைய புத்தகத்தில் படிச்ச பிள்ளைகள் வேற விடையைத் தீட்டினாங்க. தேர்வு நடத்தினவங்க ரெண்டு விடைக்கும் மார்க் கொடுத்தாங்க.

வழக்கு சுப்ரீம் கோர்ட் போச்சு. கோர்ட் டெல்லி ஐ.ஐ.டி.யிடம் மூணு நிபுணர்களை வெச்சு கேட்டது. ஒரே விடைதான் சரின்னு பதில் வந்தது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மார்க் குறைஞ்சது. 720க்கு 720 எடுத்து முதலிடத்தில் இருந்தவங்க எண்ணிக்கை, முதலில் 67. அப்புறம் கருணை மதிப்பெண்ணை நீக்கினதில் 61. கடைசியில் 17.

ஒரே ஒரு கேள்வி. கையில் எந்தப் பதிப்பு இருந்தது என்பது அதில் ஒரு காரணம். ஆனா இன்னொண்ணும் இருக்கு. அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்தவர் மாட்டினார். "எல்லா அணுவுமா? யுரேனியமுமா?" என்று ஒரு நொடி தயங்கினவர் தப்பிச்சார்.

14)
இப்ப நெகட்டிவ் மார்க். தெரியாத கேள்வியைத் தொடலாமா கூடாதா? வீட்டுக்கு வீடு நடக்கும் விவாதம். கணக்கு பேசட்டும்.

சரின்னா +4, தப்புன்னா −1. கண்ணை மூடிக்கிட்டு நாலு கேள்வியைத் தீட்டினா, சராசரியா ஒண்ணு சரி, மூணு தப்பு. 4 − 3 = 1. நாலு கேள்விக்கு ஒரு மார்க். அதுவும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்து ஏறும் இறங்கும்.

ஒரு ஆப்ஷனை உறுதியா நீக்க முடிஞ்சா? மூணு கேள்விக்கு ஒண்ணு சரி, ரெண்டு தப்பு. 4 − 2 = 2.

ரெண்டு ஆப்ஷனை நீக்க முடிஞ்சா? ரெண்டு கேள்விக்கு ஒண்ணு சரி, ஒண்ணு தப்பு. 4 − 1 = 3. அதாவது ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க்.

கண்ணை மூடினவனுக்குக் கால் மார்க், ரெண்டை நீக்கினவனுக்கு ஒன்றரை. ஆறு மடங்கு. அதனால கேள்வி "தொடலாமா" என்பது இல்லை. "எதை, ஏன் நீக்கினேன்" என்பதுதான்.

15)
நீக்குறதுன்னா குறுக்கு வழின்னு நினைக்காதீங்க. ஒரு உதாரணம்.

உராய்வில்லாத சாய்தளத்தில் ஒரு பொருள் சறுக்குது. சாய்வுக் கோணம் தீட்டா. முடுக்கம் எவ்வளவு? ஜி சைன் தீட்டா, ஜி காஸ் தீட்டா, ஜி டேன் தீட்டா, ஜி வகுத்தல் சைன் தீட்டா.

ஃபார்முலா மறந்து போச்சு. பரவாயில்லை. கோணம் பூஜ்யம்னா பலகை தரையில் படுத்திருக்கு. பொருள் நகரவே நகராது. முடுக்கம் பூஜ்யமா இருக்கணும். காஸ் அவுட். வகுத்தல் சைன் முடிவிலிக்குப் போகும், அதுவும் அவுட். கோணம் 90னா பலகை செங்குத்து. பொருள் அப்படியே விழும். முடுக்கம் ஜி. டேன் முடிவிலிக்குப் போகும், அவுட். மிச்சம் சைன்.

ரெண்டு கோணத்தை மனசில் நிறுத்திப் பார்த்தோம், அவ்வளவுதான். பிசிக்ஸ்காரங்க நிஜமாவே இப்படித்தான் தங்கள் விடையைச் சரிபார்ப்பாங்க. நாங்களும் இப்படித்தான். காய்ச்சலோட ஒருத்தர் வந்தா, இது டெங்குவா, டைபாய்டா, எலிக்காய்ச்சலா, ஒவ்வொண்ணுக்கும் "இதுவா இருந்தா இது இருக்கணுமே" என்று கேட்டுக் கேட்டுத்தான் நீக்குவோம். ஒரே வித்தியாசம், நோயாளி நெத்தியில் நாலு ஆப்ஷன் எழுதிக்கிட்டு வர்றதில்லை.

16)
இப்ப கதையின் கடைசித் திருப்பம். எனக்கு ரொம்பப் பிடிச்சது.

1985இல் அரிசோனாவில் இப்ராஹிம் ஹலூன், டேவிட் ஹெஸ்டனெஸ் என்று ரெண்டு பேர். பிள்ளைகளிடம் பேசி, பிசிக்ஸில் அவங்க மனசில் உண்மையில் என்ன தப்பான நினைப்பு இருக்குன்னு சேகரிச்சாங்க. அந்தத் தப்புகளையே ஆப்ஷனா வெச்சு எம்.சி.க்யூ. தயார் பண்ணினாங்க. ஃபார்முலா இல்லை, கணக்கு இல்லை. எல்லாம் சாதாரணப் பேச்சு வழக்கில்.

ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற பேராசிரியர் இதைக் கேள்விப்பட்டார். "நம்ம பிள்ளைங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்ற நினைப்பில் அவங்களுக்குக் கொடுத்தார். பெரிய பெரிய கணக்கெல்லாம் போடும் பிள்ளைகள் இதில் தடுமாறினாங்க. ஒரு மாணவி கேட்டாளாம், நீங்க சொல்லிக் கொடுத்தபடி எழுதணுமா, நான் வழக்கமா நினைக்கிறபடி எழுதணுமா என்று.

மஸூர் ஆடிப்போனார். அதன் பிறகு வகுப்பு நடத்தும் முறையையே மாத்தினார். நடுவில் ஒரு எம்.சி.க்யூ. எல்லாரும் விடை சொல்லணும். அப்புறம் பக்கத்தில் வேற விடை சொன்னவனோட வாதாடணும். அப்புறம் மறுபடி விடை.

பாருங்க, திருத்துறவருக்காகப் பிறந்த அதே நாலு ஆப்ஷன், முதல் முறையா படிக்கிறவர் பக்கம் திரும்புச்சு. தப்பு விடை என்பது மார்க்கைப் பிடுங்கும் பொறியா இல்லாம, நம்ம மண்டைக்குள் என்ன கோளாறுன்னு காட்டும் எக்ஸ்ரேயா மாறுச்சு.

17)
இதுக்கு உளவியல் ஆதாரமும் இருக்கு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற ரெண்டு பேர் செய்த ஆய்வு. பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சவங்களைவிட, ஒரு தடவை படிச்சுட்டு புத்தகத்தை மூடி நினைவுபடுத்திப் பார்த்தவங்களுக்கு ஒரு வாரம் கழிச்சு அதிகம் ஞாபகம் இருந்தது. ஆக, கேள்வி போட்டுப் பழகுறது நல்லது. சந்தேகமே வேண்டாம்.

ஆனா அதே துறையில் இன்னொரு கண்டுபிடிப்பு இருக்கு. எம்.சி.க்யூ.வில் தப்பு ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்துட்டு, சரியான விடையைப் பார்க்காம போனா, அந்தத் தப்பே உண்மை மாதிரி மனசில் ஒட்டிக்கும். பின்னாடி கேட்டா அதையே சொல்லுவோம். உடனே சரியான விடையைப் பார்த்துட்டா அந்த ஆபத்து வெகுவா குறையும்.

இதைப் படிச்சப்ப எனக்கு என் நண்பனின் கைடுதான் ஞாபகம் வந்தது. விடைப் பக்கங்கள் கிழிஞ்ச கைடு. அவன் உழைச்சான். என்னைவிட அதிகமா உழைச்சான். ஆனா தான் எங்கே தப்பு பண்றோம்னு சொல்ல அவன் பக்கத்தில் யாரும் இல்லை. அந்த ஒரு மாசத்தில் எங்க அப்பா காசு கொடுத்து எனக்கு வாங்கியது கேள்விகளை இல்லை. "டேய், இது ஏன் தப்புன்னு பாரு" என்ற ஒரு வாக்கியத்தை.

18)
மூணு வாரம் கழிச்சு அந்தப் பொண்ணு வந்தா. இந்தக் கதையை எல்லாம் சுருக்கமா சொன்னேன். அப்புறம் ஒரு கேள்வி கேட்டேன்.

"வேகமா வர்ற லாரியும் ஆட்டோவும் நேருக்கு நேர் மோதுது. யார் மேல அதிக விசை?"

"ஆட்டோ மேல சார்." அம்மாவும் தலையாட்டினாங்க. "ஆட்டோதானே டாக்டர் நசுங்குது?"

கொஞ்ச நேரம் அமைதி. "இல்ல சார். மூணாவது விதி. ரெண்டு மேலயும் சமம்."

"அப்ப ஏன் ஆட்டோ மட்டும் அப்படித் தூக்கி எறியப்படுது?"

இந்தத் தடவை ரொம்ப நேரம். வெளியே டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. "விசை சமம். நிறை கம்மி. அதனால முடுக்கம் அதிகம். ரெண்டாவது விதி."

அவ ரெண்டு விதியையும் ஆறு வருஷமா மனப்பாடமா சொல்லிக்கிட்டிருக்கிறவ. ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பார்த்தது அன்னைக்குத்தான்.

19)
அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன்.

இருநூறு வேண்டாம். அறுபது போடு. ஆனா ஒவ்வொரு தப்புக்கும் நோட்டில் ஒரு வரி எழுது: நான் ஏன் அந்த ஆப்ஷனை நம்பினேன்? கணக்குப் பிழையா, கேள்வியைச் சரியா படிக்கலையா, நினைப்பே தப்பா? இந்த மூணுக்கும் மருந்து வேற வேற.

விடையை அன்னைக்கே பார். நாளைக்குன்னு தள்ளாதே.

சரியா போட்ட கேள்வியிலும், மத்த மூணு ஆப்ஷன் ஏன் தப்புன்னு சொல்லிப் பார். சொல்ல முடியலைன்னா அது அதிர்ஷ்டம், அறிவு இல்லை.

வாரத்தில் ஒரு நாள் நேரம் வெச்சு முழு டெஸ்ட். மத்த நாள் கடிகாரத்தைக் கழட்டி வை. வேகம் என்பது புரிஞ்சதுக்கு அப்புறம் வர்றது.

வேற விடை போட்ட ஒரு தோழியோட தினமும் பத்து நிமிஷம் சண்டை போடு. போனில் போட்டாலும் சரி.

ராத்திரி பதினொண்ணுக்கு லைட்டை அணை. அன்னைக்குப் படிச்சதை மூளை பத்திரப்படுத்துறது தூக்கத்தில்தான். இதை டாக்டரா சொல்றேன்.

20)
அந்தப் பொண்ணுக்கு சீட் கிடைக்குமா? தெரியாது. சீட்டுகளைவிடப் பிள்ளைகள் பல மடங்கு அதிகம். எவ்வளவு நல்லா படிச்சாலும் எல்லாருக்கும் இடம் இல்லை என்பது கணக்கு. அதை மறைச்சு நம்பிக்கை ஊட்டுறது எனக்குப் பிடிக்காது.

ஆனா மார்க் வரலைன்னா "எனக்கு பிசிக்ஸ் வராது" என்று எந்தப் பிள்ளையும் முடிவு பண்ணக் கூடாது. இந்தக் கருவியைச் செஞ்சவங்களில் ஒருத்தரே, மார்க்கை வெச்சு மனுஷனோட அறிவை எடை போட்டது தப்புன்னு ஒப்புக்கிட்டுப் போயிருக்கார். நாம ஏன் அதைச் சுமக்கணும்?

இப்ப அவளுக்குத் தலைவலி வாரத்தில் ஒரு நாளா குறைஞ்சிருக்கு. போன மாக் டெஸ்டில் பிசிக்ஸ் 19. பயாலஜி ஒண்ணும் குறையலை. பிசிக்ஸை விடப்போறதில்லைன்னு சொல்லிட்டாளாம்.

என் நண்பன் இப்ப எங்க ஊர்ப் பக்கம் ஒரு ஸ்கூலில் பிசிக்ஸ் வாத்தியார். சாயந்திரம் பிள்ளைகளுக்கு எம்.சி.க்யூ. போட்டுக் காட்டுறான், காசு வாங்காம. நேத்து இந்த இழையைப் போடுறதுக்கு முன்னாடி அவனுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு வரிதான் வந்தது: "டேய், அந்த கைடு இன்னும் எங்கிட்டதான் இருக்கு. விடைப் பக்கத்தை நானே எழுதி ஒட்டிட்டேன்."

உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருந்தா இதைக் காட்டுங்க. விடைப் பக்கம் கிழிஞ்ச கைடோட உட்கார்ந்திருக்கும் பிள்ளையா இருந்தா, பக்கத்தில் போய் பத்து நிமிஷம் உட்காருங்க.